பச்சை விளக்கு எரிந்த ஐந்து நாட்கள்

நான் ஒரு நெட்வொர்க் இன்ஜினியர். பெயர் அன்புச்செல்வன், வயது முப்பத்து நான்கு, படிப்பு பி.இ. இதை நான் சொல்லவில்லை, ரிஜிஸ்டர் சொல்கிறது. என் பெயர் வைத்திலிங்கம், வயது எழுபத்தொன்று, எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன் என்பதெல்லாம் ஊர்ப் பேச்சு. எழுத்தில் கிடையாது.

எல்லாம் வெயிலால் வந்தது. நெய்வேலி வெயிலைப் பற்றி நான் மிகைப்படுத்துவதாக மகள் சொல்வாள். வட்டம் பதினேழில் அவள் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடித் தொட்டியில் பிப்ரவரியிலேயே முட்டை வேகும். நான் வேகவைத்துத் தின்றிருக்கிறேன். அதனால் காலையில் அவள் ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பியதும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏசி இருக்கிற இடமாகப் பார்த்துப் போய்விடுவேன். பேங்க்கில் ஒரு வாரம் இருந்தேன், செக்யூரிட்டி டோக்கன் கேட்க ஆரம்பித்தான். பிறகு கண்ணில் பட்டது நெடுவழி நெட்வொர்க்ஸ்.

நெய்வேலியில் கம்பெனி என்றால் ஒன்றுதான், நிலக்கரிக் கம்பெனி. இது அது இல்லை. வடக்குத்து ரோட்டோரத்தில் கண்ணாடி வைத்துக் கட்டிய மூன்று மாடி. பள்ளிக்கூடம், லாரி ஷெட், கடை கண்ணி என்று சுற்றுவட்டாரத்துக்கு இன்டர்நெட் லைன் இழுத்துப் பராமரிக்கிற தனியார் இடம். தலைமை அலுவலகம் சென்னையில். ஆனால் நிலக்கரிக் கம்பெனி நகரியத்தின் ஓரத்தில் முளைத்தது என்பதால் நகரியத்தைப் பார்த்தே வளர்ந்திருந்தது. பெர்மனென்ட் ஆட்களுக்கு முன்கேட், காட்டினால் திறக்கிற அட்டை. கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பக்கவாட்டு கேட், முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரிகிற வருகைப்பதிவு மெஷின். பச்சை எரிந்தால் 'நன்றி' என்று ஒரு பெண்குரல் சொல்லும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்தக் கட்டடத்தில் யாராவது நன்றி சொன்னார்கள் என்றால் அந்த மெஷின்தான்.

ரிசப்ஷனில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வயசான ஆள் என்றால் யாரோ அதிகாரியின் மாமனார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு திங்கட்கிழமை மேனேஜர் துரைராஜ் என் எதிரில் வந்து நின்றார். சென்னையிலிருந்து ஒரு மேடம் ஐந்து நாள் பயிற்சி நடத்த வந்திருக்கிறார், பத்துப் பேர் இல்லாவிட்டால் வகுப்பு நடக்காது, பத்தாவது ஆளான அன்புச்செல்வன் முந்தின நாள்தான் பெங்களூருக்கு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயா சும்மா பின்னாடி உக்காந்துருங்க. கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். உள்ள இதைவிட ஏசி நல்லா இருக்கும்" என்றார்.

கடைசி வாக்கியம் மட்டும் இல்லையென்றால் நான் யோசித்திருப்பேன்.

பயிற்சி நடத்த வந்தவர் பெயர் சண்முகப்ரியா. என் கையெழுத்தையும் என் மண்டையையும் மாறி மாறிப் பார்த்தார். இளநரை என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, கெட்டிக்காரி.

அவர் சொல்லிக்கொடுத்தது எனக்கே புரிந்தது என்றால் மற்றவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். போகிற லைன் ஒன்று. போக வேண்டியது நிறைய. எதை முதலில் விடுவது, எதைக் காக்க வைப்பது, இடமே இல்லாமல் போனால் எதைத் தூக்கி எறிவது என்று மெஷினுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். போனில் பேசுகிற குரல் காத்திருக்காது, அதனால் முதல் வரிசை. மெயில் பத்து நிமிஷம் கழித்துப் போனாலும் குடி முழுகாது, அதனால் பின்வரிசை. இப்படி நான்கு வரிசை. அவ்வளவுதான் பாடம்.

லைனில் போகிற பன்னிரண்டு சாமானைப் போர்டில் எழுதிப் போட்டு, வரிசைப்படுத்திக் காட்டுங்கள் என்றார். பத்துப் பேரும் எழுதிக் கொடுத்தோம். பத்திலும் முதல் வரிசையில் ஜெனரல் மேனேஜர் இருந்தார். அடுத்து அதிகாரிகள், அடுத்து பெர்மனென்ட், கடைசியில் கான்ட்ராக்ட். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. நகரியத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் எதையாவது வரிசைப்படுத்து என்றால் அவன் கை தானாக அப்படித்தான் போகும். வீடும் அப்படி, ஆஸ்பத்திரி வார்டும் அப்படி.

மேடம் தாள்களை மேஜையில் வைத்தார். "நான் எது போகுதுன்னு கேட்டேன்" என்றார். "யாரோடது போகுதுன்னு கேக்கவே இல்லையே."

அந்தப் பேச்சு வகுப்பில் ஒரே ஒருவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் கார்முகில். வகுப்பில் அவன் ஒருவன்தான் கான்ட்ராக்ட். டிப்ளமோ படித்தவன். ஒன்பது வருஷமாகக் கம்பம் ஏறிக் கேபிள் ஒட்டுகிற வேலை. எந்த லைன் எந்த முட்டுச்சந்தில் போகிறது என்று கட்டடத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் வகுப்பில் சேர்த்திருந்தார்கள்.

அவனுக்கு அந்த வகுப்பைவிடப் பெரிய கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து நான்கு மாதத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் ஆக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அவனை வேலைக்கு அனுப்புகிற கான்ட்ராக்ட் ஏஜென்சி ஒன்பது வருஷத்தில் நான்கு மாறிவிட்டது. மாறும்போதெல்லாம் கணக்கு நாள் ஒன்றிலிருந்து. நடுநடுவே 'பிரேக்' என்று வேலை கொடுக்காமல் நிறுத்திவைப்பது வேறு. இந்தத் தடவை ஏஜென்சிக்காரர்கள் அசந்துவிட்டார்கள். மார்ச் முப்பத்தொன்றோடு அவர்கள் ஒப்பந்தம் முடிகிறது. அதற்கு நான்கு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, கார்முகிலுக்கு நானூற்று எண்பது முடிகிறது. சனி, திங்கள், செவ்வாய் கொசுறு. துரைராஜும், பயிற்சி சர்டிபிகேட்டையும் நாள் கணக்கையும் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அவன் மனைவி சங்கீதா காலண்டரில் தினம் ஒரு கட்டம் அடித்து வருகிறாள் என்று டீ குடிக்கும்போது சொன்னான். ஜுரம் வந்தால்கூட அவள் விடுவதில்லையாம். "முகத்தக் காட்டிட்டு வந்து படுத்துக்கங்கன்னு வூட்ட வுட்டுத் தள்ளிடுதுங்க" என்றான்.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் டீ இடைவேளை. துரைராஜும் வந்து நின்றார். எனக்கு நான்கு பேர் டீயோடு நின்றால் வாய் சும்மா இருக்காது. கடலூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு ஆலையில் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். அது நிஜம். அந்த ஆலை முதலாளியின் போனுக்கு ஒரு விசேஷம் உண்டு என்று ஆரம்பித்தேன். அவர் ரிசீவரை எடுத்த மாத்திரத்தில் ஆலையில் மற்ற நூற்றுப் பத்து போனும் தானாக வாயை மூடிக்கொள்ளும், ஜெர்மனியிலிருந்து வந்த ஏற்பாடு, அவர் இருமினால்கூட மதராஸ் வரைக்கும் லைன் காலியாகிவிடும், அப்படி ஒரு நிர்வாகத்தை அப்புறம் நான் பார்க்கவில்லை என்றேன். துரைராஜ் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

கதையின் மிச்சத்தை மற்றவர்கள் கேட்டார்கள். ஒருநாள் குடோனில் தீப்பிடித்தது. வாட்ச்மேன் போன் பண்ணுகிறான், லைன் இல்லை. முதலாளி பேசிக்கொண்டிருந்தார். ஆலை பாதி எரிகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்றால், ஏன் இன்றைக்கு ரூம் இவ்வளவு சூடாக இருக்கிறது, ஏசிக்காரனை அனுப்பு என்று.

எல்லோரும் சிரித்தார்கள். கார்முகில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். முன்பாதியைக் கேட்டுவிட்டுப் போன ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கடைசி நாள் பரீட்சை. கார்முகில் முதல். மேடம் எல்லோருக்கும் எதிரே அவனை எழுப்பி ஒரு விஷயத்தைத் திரும்பச் சொல்லவைத்தார். முதல் வரிசைக்கு ஒரு எல்லை கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அதுவே லைன் முழுவதையும் தின்றுவிடும், கடைசி வரிசையில் இருப்பது பட்டினி கிடந்து சாகும். அவன் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னான். மேடம் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். நான் எண்பத்திரண்டு மார்க் வாங்கியிருந்தேன். எப்படி என்று எனக்கும் தெரியாது.

மார்ச் மூன்றாவது வாரம் துரைராஜ் கார்முகிலைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். நான் அப்போது ஏசிக்கு நேர் கீழே இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. வருஷக் கடைசி மீட்டிங் அடுத்த வாரம், சென்னையோடு வீடியோவில், தினம் காலை ஏழே முக்காலுக்கு. போன தடவை ஜெனரல் மேனேஜர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து போனது, இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது. தாளில் வரிசை எழுதியிருந்தது. முதலில் மீட்டிங். இரண்டாவது அதிகாரிகள். மூன்றாவது பெர்மனென்ட். நான்காவது, கான்ட்ராக்ட் சம்பந்தப்பட்டது எல்லாம்.

கார்முகில் தாளைப் படித்துவிட்டு, கான்ட்ராக்ட் கேட் மெஷின் நான்காவதில் வருகிறதே என்றான். அது கடுகளவு சமாச்சாரம், எந்தச் சந்தில் விட்டாலும் போய்விடும் என்றார் அவர். அப்படியானால் முதல் வரிசைக்கு மட்டும் ஒரு எல்லை கட்டிவிடுகிறேன் என்றான்.

"ஜி.எம்முக்கு லிமிட் போடச் சொல்றியா?" என்றார் துரைராஜ். கோபமாகக்கூட இல்லை. "ஆலையில எல்லாம் அந்தக் காலத்துலயே செஞ்சிருக்காங்க. முதலாளி போன எடுத்தா மத்தது எல்லாம் கட்டு. நம்ம பெரியவரே சொன்னாரு, கேட்டல்ல?"

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். மிச்சக் கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். துரைராஜுக்கு மறுபடியும் போன் வந்துவிட்டது.

கார்முகில் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றான். நான் செய்யாதே என்றேன். அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "இன்னும் அஞ்சே நாளு பெரியவரே. கையெழுத்து அவரு கையிலகீது. இப்பப் போயி எதுத்துகினு நிக்கச் சொல்றீங்களா?"

போய் உட்கார்ந்து, எல்லை கட்டாமலே, நான்கு வரிசையையும் அவன் கையாலேயே தட்டினான். நல்ல வேலைக்காரன். ஒரு பிழை இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்குக் கார்முகில் பக்கவாட்டு கேட்டில் முகத்தைக் காட்டினான். பச்சை எரிந்தது. நன்றி என்றது. அவன் பின்னால் இன்னும் முப்பத்தேழு பேர் காட்டினார்கள், முப்பத்தேழு நன்றி. மெஷினுக்கு முகம் தெரிந்துவிட்டது, அதன் வேலை முடிந்தது. அந்தச் செய்தி சென்னை கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்பது மணிக்குள் சேர்ந்தால் வந்தான், சேராவிட்டால் வரவில்லை. ஆனால் லைனில் ஜெனரல் மேனேஜர் இருந்தார். அவரோடு இருபத்திரண்டு அதிகாரிகள், இருபத்திரண்டு கேமரா. முகம் கண்ணாடி மாதிரி தெரிந்தது, அவர் மூக்கின் மச்சத்தை எண்ணலாம் என்று துரைராஜ் எல்லோரிடமும் சொன்னார். பத்தரைக்கு மீட்டிங் முடிந்தபிறகுதான் கேட்டிலிருந்து முப்பத்தெட்டு பேர் சென்னைக்குள் நுழைந்தார்கள். சென்னை அவர்களை வரவில்லை என்று எழுதிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் புது விஷயம் ஒன்று சேர்ந்தது. நெய்வேலியில் திங்கட்கிழமை கான்ட்ராக்ட் ஆள் ஒருவர்கூட வரவில்லை, என்ன காரணம்? அதைப் பற்றிப் பேசி மீட்டிங் பதினொன்று வரைக்கும் போனது. புதன்கிழமை, இரண்டு நாளாக ஒருவரும் வரவில்லையே என்று பன்னிரண்டு வரைக்கும் பேசினார்கள். துரைராஜ், உள்ளூர்த் திருவிழாவாக இருக்கும், விசாரிக்கிறேன் என்றார். ஜன்னலைத் திறந்தால் கம்பத்தில் ஆள் தெரியும். ஜன்னலைத் திறந்தால் ஏசி போய்விடும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒழுக்கம், பொறுப்புணர்வு என்று ஒரு மணிவரைக்கும் பேசினார்கள்.

நான் சொல்கிற கதைகளில் எது பொய் என்று மகளுக்குத் தெரியும். இதைச் சொன்னபோது இதைத்தான் பொய் என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார்முகில் ஒரு பெட்டி ஜாங்கிரி வாங்கி வந்தான். நானூற்று எண்பது. எனக்கு இரண்டு கொடுத்தான். சங்கீதா கடைசிக் கட்டத்தை மஞ்சள் கலரில் அடித்திருப்பதாகச் சொன்னான்.

முப்பதாம் தேதி ஏஜென்சியிலிருந்து போனுக்கு மெசேஜ் வந்தது. மொத்த நாள்: நானூற்று எழுபத்தேழு. செவ்வாய்க்கிழமையும் வந்தால் நானூற்று எழுபத்தெட்டு. அதோடு ஒப்பந்தம் முடிவு.

மறுநாள் மாலை துரைராஜின் அறையில் பேசினார்கள். ஏஜென்சி சூப்பர்வைசர் தனகோட்டி இருந்தார். சென்னையிலிருந்து ஒரு அதிகாரி திரையில் இருந்தார், முகம் நன்றாகத் தெரிந்தது. மற்ற ஆட்களும் ஐந்து நாள் இழந்தவர்கள்தான். ஆனால் நானூற்று எண்பதுக்குப் பக்கத்தில் அவர்கள் யாரும் இல்லை. சிஸ்டம் கோளாறு என்று சொல்லி அவர்களுக்கும் இவனுக்கும் சம்பளத்தைக் கொடுத்துவிட்டார்கள். நாளைக் கொடுக்கவில்லை. சம்பளம் எங்கள் கையில், நாள் கம்ப்யூட்டர் கையில் என்றார் தனகோட்டி.

கார்முகில், "பச்சை வெளக்கு எரிஞ்சிதுங்க. அஞ்சு நாளும் எரிஞ்சிது" என்றான். மெஷினின் ஞாபகத்தில் நேரம் இருக்குமே என்று கேட்டான். அனுப்பி முடிந்ததும் அது அழித்துவிடும் என்றார் தனகோட்டி. வரிசையைத் தட்டியது யார் என்று திரையில் இருந்தவர் கேட்டார். நான்தான் என்றான் கார்முகில். தாளைப் பற்றிச் சொன்னான். தாளில் துரைராஜ் கையெழுத்து இல்லை. பயிற்சியில் முதல் மார்க் வாங்கியவன் எல்லை கட்டாமல் விடலாமா என்று துரைராஜ் வருத்தப்பட்டார்.

நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். கூப்பிடவில்லை, போனேன். கார்முகில் ஐந்து நாளும் வந்தான், நான் பார்த்தேன், எல்லை கட்ட வேண்டாம் என்று துரைராஜ் சொன்னதை என் காதால் கேட்டேன், அதற்குக் காரணமே நான் சொன்ன ஒரு புளுகுதான் என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு நிஜத்தை ஒரே மூச்சில் பேசியது இல்லை. நாக்கு பழக்கமில்லாமல் குழறியது.

இவர் யார் என்று திரையில் இருந்தவர் கேட்டார்.

"அந்தப் பயிற்சியில நானும் படிச்சேங்க" என்றேன். "ரிஜிஸ்டர்ல அன்புச்செல்வன்னு இருக்கும். அது என் கையெழுத்து."

துரைராஜின் நெற்றியில் ஏசியை மீறி வியர்வை வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கார்முகிலைப் பார்த்து மெதுவாகப் பேசினார். "கார்முகில், நீ சொல்லு. பத்துல ஒருத்தர் போலின்னா அந்த பேட்ச் மொத்தமும் கேன்சல். ஒன்பது பேர் சர்டிபிகேட்டும் போயிடும், உன்னோடதும். நாளைக்குப் புது ஏஜென்சியில சேக்கறதுக்கு அது ஒண்ணுதான் உன் கையில இருக்கு. இவரு கிளாஸ்ல இருந்தாரா?"

கார்முகில் என்னைப் பார்த்தான். நான் இருந்தேன் என்று சொல் என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

"இல்லீங்க" என்றான். "ஏசிக்கு வருவாரு. ரிசப்ஷன்ல குந்திகினு பேப்பர் படிப்பாரு. கத சொல்லுவாரு."

அதோடு முடிந்தது. ஐந்து நாள் வகுப்பில் இல்லாத அன்புச்செல்வன் ஐந்து நாளும் வந்திருந்தான், கையெழுத்து இருக்கிறது. ஐந்து நாள் வெயிலில் கம்பத்தில் தொங்கிய கார்முகில் ஐந்து நாளும் வரவில்லை, சென்னையில் எழுதியிருக்கிறது. இருந்தும் இல்லாதவனாக அறையில் நின்ற என்னை செக்யூரிட்டி கையைப் பிடித்து வெளியே விட்டான்.

வழக்குப் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னாராம். போட்டிருக்கிறான். அதுவும் வரிசையில் நிற்கிறது.

ஏப்ரலில் மீட்டிங் இல்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் வருகை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஆகிவிட்டது. இரண்டே வாரத்தில் ஒழுக்கத்தைக் கொண்டுவந்தவர் என்று துரைராஜுக்குச் சென்னையில் கேடயம் கொடுத்தார்கள். அன்புச்செல்வன் சர்டிபிகேட் தபாலில் பெங்களூருக்குப் போனது.

எனக்கு அந்தக் கட்டடத்தில் இப்போது அனுமதி இல்லை. காலையில் பக்கவாட்டு கேட்டுக்கு எதிரே, டீக்கடைத் தட்டிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். புது ஏஜென்சியில் மறுபடி நாள் ஒன்றிலிருந்து தொடங்கிய கார்முகில் ஏழு ஐம்பதுக்கு வருகிறான். முகத்தைக் காட்டுகிறான். பச்சை எரிந்ததும் போனை எடுத்து அந்த விளக்கைப் படம் பிடிக்கிறான், கடிகாரமும் தெரிகிற மாதிரி. பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்தினாலும் ஒரு படத்துக்கு இரண்டாக எடுக்கிறான். முதல் இரண்டு வாரம் என் பக்கம் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நேற்று ரோட்டைத் தாண்டி வந்து, ஒரு டீ சொல்லிவிட்டு என் பக்கத்தில் நின்றான். எத்தனை ஆச்சு என்று கேட்டேன்.

"பதினேழு" என்றான். டீயைக் குடித்துவிட்டு, "கத எதுவும் சொல்லாதீங்க பெரியவரே" என்றான்.

நான் சொல்லவில்லை.